கலைஞர் மகளிர் உரிமைத் தொகை: தகுதி மீளாய்வு

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தகுதி மீளாய்வு என்பது, தமிழ்நாடு அரசின் அத்திட்டத்தில் விண்ணப்பம் ஏற்கப்படாத மகளிரின் தகுதியை மீண்டும் ஆராயும் நடைமுறை ஆகும். குடும்பத் தலைவியருக்கு மாதம் ரூ. 1000 வழங்கும் இத்திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. ஊதியம் மாதத்துக்கு மாதம் மாறும் திருப்பூர் போன்ற தொழிற்பகுதிகளில், வரம்புகளை எவ்வாறு அளப்பது என்பது இம்மீளாய்வின் முதன்மையான சிக்கலாகும்.

தகுதி வரம்புகள்

2023 விதிகளின்படி பின்வரும் வரம்புகள் வகுக்கப்பட்டன:

* குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2.5 இலட்சத்துக்குள் இருத்தல்
* நிலம் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள் இருத்தல்
* வீட்டு மின்நுகர்வு ஆண்டுக்கு 3600 அலகுகளுக்குள் இருத்தல்

மகிழுந்து போன்ற நான்கு சக்கர ஊர்தி வைத்திருப்போர், அரசு ஊழியர்கள், ஆண்டுக்கு ரூ. 50 இலட்சத்துக்கு மேல் விற்பனை செய்து சரக்கு, சேவை வரி செலுத்தும் தொழில் உரிமையாளர்கள் ஆகியோரின் குடும்பங்கள் விலக்கப்பட்டன. விண்ணப்பத்துடன் வருமானச் சான்று கேட்கப்படவில்லை. அரசுத் தரவுகளுடன் ஒப்பிட்டும் கள ஆய்வு செய்தும் தகுதி முடிவு செய்யப்பட்டது.

மேல்முறையீடு

ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன. ஏனையோருக்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. அவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். திருப்பூர் மாவட்டத்தில் திருப்பூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை ஆகிய மூன்று கோட்டங்கள் உள்ளன. மேல்முறையீட்டின் பயனாக 2023 நவம்பரில் மாநிலம் முழுவதும் சுமார் 7.35 இலட்சம் மகளிர் சேர்க்கப்பட்டனர். முதற்கட்டத் தரவு ஒப்பீட்டை மட்டுமே இறுதி முடிவாகக் கொண்டிருந்தால் இவர்கள் அனைவரும் விடுபட்டிருப்பர்.

திருப்பூரில் எழும் சிக்கல்கள்

பின்னலாடைத் தொழிலில் தையல் முதலிய பல வேலைகளுக்குப் பீஸ் ரேட் முறையில் கூலி வழங்கப்படுகிறது. ரூ. 2.5 இலட்சம் என்பது மாதச் சராசரியாக ரூ. 20,833 ஆகும். கணவன், மனைவி இருவரும் தைக்கும் குடும்பம் ஆர்டர் மிகுந்த மாதங்களில் இதனைத் தாண்டலாம். ஆர்டர் குறைந்த மாதங்களில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம். எனவே ஒரு மாதக் கூலியைக் கொண்டு ஆண்டு வருமானத்தைக் கணிப்பது பிழைக்கு வழிவகுக்கும்.

விற்பனை வரம்பிலும் இத்தகைய சிக்கல் உண்டு. பிறர் துணியைத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் உரிமையாளருக்குத் தையல் கூலி மட்டுமே வரவாகும். சொந்தமாகத் துணி வாங்கிப் பனியன் விற்பவருக்கோ துணி விலையும் விற்பனைத் தொகையில் சேர்கிறது. இருவரின் இலாபமும் ஒன்றாக இருப்பினும் பின்னவர் வரம்பை எளிதில் தாண்டிவிடுவார்.

குடும்ப அட்டை உள்ள நியாயவிலைக் கடைப் பகுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால், சொந்த ஊரில் அட்டை வைத்துக்கொண்டு திருப்பூரில் பணிபுரிந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

விதித் தளர்வு

தனியர் மேல்முறையீடு விதியை மாற்றாது. அதற்கு வரம்புகளையே மீளாய்வு செய்தல் வேண்டும். பிரித்தானியாவில் 1931 இல் வேலையற்றோர் உதவிக்காகப் புகுத்தப்பட்ட குடும்ப வருமானச் சோதனை, கடும் எதிர்ப்புக்குப் பின் 1941 இல் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 இல், அரசு மானியத்தில் நான்கு சக்கர ஊர்தி வாங்கிய குடும்பங்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு விதிகள் தளர்த்தப்பட்டன. 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் மகளிர் புதிதாகச் சேர்க்கப்பட்டனர்.