சரச் செயற்கூறுகளில் வரையறையற்ற நடத்தை (சி மொழி)

சி மொழியில் சரங்களைக் கையாளும் செயற்கூறுகளை விதி மீறி அழைத்தால் என்ன நடக்கும் என்று தரநிலை எதுவும் சொல்வதில்லை. இதுவே வரையறையற்ற நடத்தை எனப்படும். நிரல் நின்றுபோகலாம், தவறான விடை தரலாம், ஒழுங்காக ஓடவும் செய்யலாம். ஆண்டுக்கணக்கில் பிழையை மறைத்துவைப்பது இந்த மூன்றாவதுதான்.

சி மொழிச் சரத்துக்குத் தன் நீளம் தெரியாது. சுழிய பைட் வருமிடமே அதன் முடிவு. ‘தமிழ்’ என்ற சொல் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் 15 பைட், முடிவுக்குறியோடு 16. ஒதுக்கிய இடம் 15 பைட்தான் என்றால், சரத்தை நகலெடுக்கும் ஸ்டிர்காப்பி முடிவுக்குறியை எல்லைக்கு வெளியே எழுதிவிடும். வரம்பு வைத்து நகலெடுக்கும் ஸ்டிர்என்காப்பி 15 என்ற வரம்பை மீறாது. ஆனால் முடிவுக்குறி இடாமலே நிறுத்திக்கொள்ளும். பிறகு ஸ்டிர்லென் நீளம் அளக்கப் புகுந்தால் பக்கத்து நினைவகத்துக்குள் போய்விடும். பிழை வெளிப்படுவது ஓரிடம், பிறந்தது வேறிடம்.

நினைவகப் பகுதியை நகலெடுக்கும் மெம்காப்பியில் மூலப் பகுதியும் இலக்குப் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. படிந்தால் மெம்மூவைத்தான் அழைக்க வேண்டும். இவ்விதியை மீறிய பல நிரல்கள் நகலெடுக்கும் வரிசை ஒத்துப்போனதால் தப்பித்துவந்தன. 2010இல் ஃபெடோரா 14 லினக்ஸ் வெளியீட்டுடன் வந்த ஜிலிப்சி என்ற சி நூலகம், வேகம் கருதி அந்த வரிசையை மாற்றியது. உடனே 64-பிட் ஃபிளாஷ் பிளேயரில் ஒலி சிதைந்தது. விதி மீறியது ஃபிளாஷ்தான் என்றாலும், பயனருக்குத் தெரிவது கெட்டுப்போன ஒலி மட்டுமே என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வாதாடினார். ஜிலிப்சி 2.14இல் சமரசம் ஏற்பட்டது: பழைய நிரல்களுக்கு மெம்மூவ் போலவே நடக்கும் வடிவம், புதிதாக இணைக்கப்படுபவற்றுக்கு வேகமான வடிவம். லினக்ஸ் கையேட்டின் மெம்காப்பி பக்கம் இன்று இந்நிகழ்வையும் எச்சரிக்கையாகப் பதிந்துள்ளது. ‘படியக் கூடாது’ என்ற ஒற்றை வரியைவிட நிரலாளருக்கு இதனால்தான் பயன் அதிகம்.

தரநிலை அந்த அளவுக்கு இறங்கிவருவதில்லை. ஸ்டிர்லென் பற்றிய பகுதியில் வெற்றுச் சுட்டியை (எந்த இடத்தையும் சுட்டாத சுட்டியை)ப் பற்றிப் பேச்சே இல்லை. அதைத் தடுக்கும் விதி நூலகம் முழுமைக்குமான பொது முன்னுரையில் கிடக்கிறது. ஜே.2 பின்னிணைப்பு இத்தகைய விதிகளைத் திரட்டித் தந்தாலும் அது தகவலுக்கானதே. பூச்சியம் பைட் நகலெடுக்கும்போதுகூட வெற்றுச் சுட்டியைத் தரக் கூடாது என்பது நீண்டகால விதி. 2024இல் தரநிலைக் குழு இதைத் தளர்த்தியது. ஆனால் அத்திருத்தம் வரவிருக்கும் பதிப்புக்கே உரியது. சி23 வரை பழைய விதியே செல்லும்.