பற்களுடைய பறவைகள்: ஹெஸ்பெரோர்னிஸ் புதைபடிவமும் அதன் சான்று வரலாறும்

முன்னுரை

இன்று உலகில் வாழும் பறவை எதற்கும் பல் இல்லை. ஆயின் டைனோசர்கள் நிலத்தில் உலவிய கிரெட்டேசியக் காலத்தில், கடலில் மூழ்கி மீன் பிடித்த பறவைகளுக்குப் பற்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் கிடைத்த புதைபடிவங்கள் இவ்வுண்மையை வெளிப்படுத்தின. ஒரு தாடையெலும்பு எவ்வுடலுக்கு உரியது என்னும் வினாவே இக்கண்டுபிடிப்பின் வரலாற்றை நெடுங்காலம் இயக்கிவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கன்சாஸ் சுண்ணப் பாறைகள்

ஏறத்தாழ 8 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், வட அமெரிக்காவின் நடுப்பகுதியைத் தெற்கு வடக்காக ஒரு கடல் பிளந்து கிடந்தது. அக்கடலின் அடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளே ஸ்மோக்கி ஹில் சுண்ணப் பாறைகளாக இறுகின. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒத்னியல் சார்லஸ் மார்ஷ், 1870 முதல் தம் மாணவர்களுடன் இப்பகுதியில் அகழ்வுப் பயணங்களை மேற்கொண்டார். 1871இல் தலையற்ற பெரும்பறவை எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. 1872இல் அவர் அதற்கு ஹெஸ்பெரோர்னிஸ் ரெகாலிஸ் எனப் பெயரிட்டார். ஹெஸ்பெரோர்னிஸ் என்பதற்கு 'மேற்கின் பறவை' என்பது பொருள்.

இப்பறவை ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுடையது. இதன் சிறகில் மெலிந்த மேற்கை எலும்பு மட்டுமே எஞ்சியிருந்தது; ஆகவே இதனால் பறக்க இயலாது. வலிய கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருந்தன. இன்றைய முக்குளிப்பானைப் போலக் கால்களால் நீரை உதைத்தே இது நீந்தியது.

தாடையும் உடலும்

அதே 1872இல், கன்சாஸைச் சேர்ந்த பெஞ்சமின் மட்ஜ் கண்டெடுத்த சிறிய பறவையொன்றின் எலும்புகள் மார்ஷிடம் வந்தன. அதன் முள்ளெலும்புகள் மீனின் முள்ளெலும்புகளைப் போல இருபுறமும் குழிந்திருந்தமையால் அவர் அதற்கு இக்தியோர்னிஸ், அதாவது 'மீன்பறவை', எனப் பெயரிட்டார். உடன் கிடைத்த பல்லுடைய தாடைகளை ஊர்வன இனத்தைச் சேர்ந்தவை எனக் கருதி, அவற்றுக்குத் தனிப்பெயர் சூட்டினார். பறவைக்குப் பல் உண்டு என எவரும் எதிர்பாராத காலம் அது. பாறைக் கட்டியை மேலும் துப்புரவாக்கியபோது, அத்தாடைகளும் பறவைக்கே உரியவை என்பதை உணர்ந்து, 1873இல் தம் கருத்தை மாற்றி வெளியிட்டார்.

1872 பயணத்தில் தலையோடு கிடைத்த ஹெஸ்பெரோர்னிஸ் எலும்புக்கூட்டிலும் பற்கள் காணப்பட்டன. இக்தியோர்னிஸின் பற்கள் தனித்தனிக் குழிகளிலும், ஹெஸ்பெரோர்னிஸின் பற்கள் ஒரே நீள்பள்ளத்திலும் பதிந்திருந்தன. ஹெஸ்பெரோர்னிஸின் மேல் அலகின் நுனியில் மட்டும் பல் இல்லை.

அறிவுலகிலும் அரசியலிலும்

1880இல் மார்ஷ் இப்பறவைகளைப் பற்றிய பெருநூலை அரசு நில ஆய்வு அறிக்கைத் தொகுதிகளுள் ஒன்றாக வெளியிட்டார். ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் எங்கே என்னும் வினாவுக்கு அது விடையாக அமைந்தது. தம் கொள்கைக்கு இருபது ஆண்டுகளில் கிடைத்த மிகச் சிறந்த ஆதரவு மார்ஷின் ஆய்வுகளே எனச் சார்லஸ் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதினார்.

1892இல் நிலைமை மாறியது. அலபாமா உறுப்பினர் ஹிலாரி ஹெர்பர்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்நூலை எடுத்துக்காட்டி, பல்லுள்ள பறவைகளுக்காக மக்களின் வரிப்பணம் வீணாவதாகச் சாடினார். நில ஆய்வுத் துறையின் நிதி குறைக்கப்பட்டது. அத்துறையில் வகித்த பதவியை மார்ஷ் துறக்க நேர்ந்தது.

ஐயமும் தெளிவும்

1952இல் ஜோசப் கிரிகோரி பழைய வினாவை மீண்டும் எழுப்பினார். இக்தியோர்னிஸுக்கு உரியதாகக் கொள்ளப்பட்ட தாடை, மோசசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவின் குட்டிக்கு உரியது என அவர் வாதிட்டார். மார்ஷ் முதலில் கொண்டு பின்னர் கைவிட்ட கருத்துக்கு இது மிக அணுக்கமானது. இரு விலங்குகளும் ஒரே கடலில் வாழ்ந்து ஒரே சேற்றில் புதைந்தமையால், இவ்வையம் எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. பின்னர்க் கிடைத்த மாதிரிகளே இதனைத் தீர்த்தன. 2018இல் டேனியல் ஃபீல்டு குழுவினர் ஊடுகதிர் அலகீட்டின் துணையுடன் இக்தியோர்னிஸின் மண்டையோட்டை முப்பரிமாணத்தில் மீட்டமைத்து, பற்களும் அலகும் ஒருங்கே அமைந்திருந்ததைக் காட்டினர்.

முடிவுரை

புதைபடிவம் தானே பேசுவதில்லை. ஓர் எலும்பு மற்றோர் எலும்புடன் எந்நிலையில் கிடந்தது என்னும் பதிவே அதனைச் சான்றாக்குகிறது. நாடாளுமன்ற ஏளனம் ஓர் ஆய்வாளரின் பதவியைப் பறித்ததே அன்றி, அறிவுக்கு ஒன்றையும் சேர்க்கவில்லை. கிரிகோரியின் ஐயமோ, தவறெனத் தேர்ந்த பின்னும், சான்றை மேலும் உறுதியாக்க வழிவகுத்தது. நிறுவப்பட்டதாகக் கருதப்படும் உண்மையையும் மறுபடி சோதித்தல் ஆய்வின் கடமை என்பதை இப்பறவைகளின் வரலாறு உணர்த்துகிறது.