நேர்த்தெருவும் தாழ்வாரமும்

புதுச்சேரியின் நேர்த்தெருக்களைப் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்று பாராட்டுவது வழக்கம். 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த நகரப் படங்களை வரலாற்றாய்வாளர் ழான் தெலோஷ் ஆராய்ந்து வெளியிட்ட பிறகு, அந்தப் பாராட்டு இடம் மாற வேண்டியதாயிற்று. குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்களை வகுத்தவர்கள் டச்சுக்காரர்கள்தாம். துணி வாங்க வந்த டச்சுக் கம்பெனிக்கு நெசவாளரும் வணிகரும் தொழில்வாரியாக, சாதிவாரியாக ஓரிடத்தில் இருப்பது வசதி. கோமுட்டி வீதி, செட்டி வீதி, வெள்ளாளர் வீதி என்ற பெயர்களில் அந்தக் கணக்கு இன்னும் தெரிகிறது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். ஆனாலும் 1765-க்குப் பின் பிரெஞ்சு ஆளுநர் லா த லொரிஸ்தோன் காலத்தில் வீடுகள் எழுந்தது பழைய தெருக்களின் போக்கிலேதான். கட்டடத்தை இடிப்பது எளிது. மனைக்கு மனை ஊன்றிய எல்லையை அழிப்பது அவ்வளவு எளிதல்ல.

ஆனால் நடக்கத் தோதான ஊராகப் புதுச்சேரியை ஆக்கியது இந்த நேர்க்கோடு மட்டும் என்றால் நான் ஒப்பமாட்டேன். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலின் இரு பக்கமும் தெருக்கள் நேராகத்தான் ஓடுகின்றன. கிழக்கே வெள்ளையர் பகுதியில் வீடு உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. தெருவில் போகிறவருக்குச் சுவரும் வாசற்கதவும்தான். மேற்கே தமிழர் பகுதியில் மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம் தெருவின்மேல் சாய்ந்திருக்கும், அதன் உட்புறம் திண்ணை. சித்திரை வெயிலில் கடைக்கும் கோயிலுக்கும் போகிறவர் ஒரு வீட்டு நிழலிலிருந்து அடுத்த வீட்டு நிழலுக்கு நகர்ந்துகொண்டே போகலாம். நடையைத் தீர்மானிப்பது தெருவின் நேர்க்கோட்டைவிட அதன் ஓரம்.

இன்று ஜனம் நடப்பது கிழக்கே துய்மா வீதியிலும் கடற்கரைச் சாலையிலும்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே வண்டி குறைவு, மரம் அதிகம், கடற்கரைச் சாலையில் மாலையானால் வாகனத்துக்குத் தடை. ஆனால் அது உலாவும் நடை. அரிசி வாங்கவும் மருந்து வாங்கவும் நடப்பது பெரிய மார்க்கெட்டைச் சுற்றி, நேரு வீதியிலும் காந்தி வீதியிலும். இன்னொரு மறுப்பு கனமானது: திண்ணை எல்லாருக்குமா இருந்தது? இல்லை. நிழலும் சாதி பார்த்தது. ஆண்டவன் சந்நிதிகூட விலக்கல்ல. மாதா கோயிலுக்குள் தலித் கிறித்தவர்களைப் பிரித்து நிறுத்திய சுவரையும், அவர்கள் முறையிட்டு அது இடிபட்டதையும் 1745-இல் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே பழைய தெருவைச் சமத்துவத்தின் சாட்சியாக நிறுத்துவது பொய். நான் சொல்வது அதன் வடிவத்தை மட்டுமே: யாரை உட்காரவிடுவது என்பது மனிதர் வகுத்தது, அதை மாற்றலாம், தாழ்வாரமே போய்விட்டால் மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை.

போய்க்கொண்டுதான் இருக்கிறது. பழைய வீடு மாடியாகும்போது தாழ்வாரம் முதலில் போகிறது. அந்த இடத்தில் கடைப்படியும் நிறுத்திய ஸ்கூட்டரும். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு வைசியாள் வீதியின் முகப்புகளைத் தாழ்வாரத்தோடு சீர்செய்தார்கள். நல்ல வேலை, ஆனால் ஒரு தெரு. பாரம்பரியம் என்றதும் வெள்ளையர் பகுதியின் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் நினைவுக்கு வருகிற வரை, கூரையிழந்த மற்ற வீதிகளில் நடப்பவர் வண்டிகளுக்கு நடுவே, நடுத்தெருவில் இறங்கித்தான் போகவேண்டும்.