ஊறு என்னும் சொல்லும் ஊறறியாக் கையும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தண்டலம், சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில், திருப்பெரும்பூதூரை அடையுமுன் உள்ள ஊர். தண்டலை என்பது சோலையைக் குறிக்கும் பழஞ்சொல். இவ்வூர்ப்பெயர் அதனின்று வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும் போலும். இன்று அவ்வழிச் செல்வார்க்குத் தோன்றுவன சோலைகள் அல்ல, தொழிற்சாலைகள். அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார்க் கார்கள் செய்யப்பட்டு வருகின்றன. திருப்பெரும்பூதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனம் கைப்பேசிகளைச் செய்தது. அது மூடப்பட்ட பின்னரும் பிற நிறுவனங்கள் அவ்வட்டாரத்தில் அத்தொழிலை நடத்துகின்றன.

ஆகவே, தொடுபுலத்தைப் பொருளாகக் கொண்ட கருவிகளின் வரலாறு இவ்வட்டாரத்தில் இத்தொழிற்சாலைகளோடு தொடங்கியது என எண்ணுவார் உளராகலாம். அவ்வெண்ணம் சரியன்று. இம்மாவட்டத்துத் திருமணித் தொழுநோய் மருத்துவமனையில் 1947-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கைகுலுக்கலினின்றே அதனைத் தொடங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.

முதற்கண் ஒரு சொல்லைக் காண்போம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடைவால் வகுக்கும்போது உற்றறிதலை முதலில் வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் உரியது அவ்வொன்றே. சுவையும் மோப்பமும் காட்சியும் கேள்வியும் மனமும் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. அவ்வுற்றறிவின் பொருளாகிய ஊறு என்னும் சொல், தொடுவுணர்ச்சியையும் குறிக்கும். காயத்தையும் இடையூற்றையும் குறிக்கும். திருக்குறளிலேயே நீத்தார் பெருமையில் ஐம்புலன்களுள் ஒன்றாகவும், படைமாட்சியில் போரிற்படும் புண்ணாகவும் இச்சொல் வருதல் காண்க. இரண்டும் உறு என்னும் ஒரே வேரின. தொடுதலையும் புண்படுதலையும் ஒரு சொல்லில் அடக்கியதன் உண்மை, மருத்துவத்தில் மிகப் பிற்காலத்திலேயே வெளிப்பட்டது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, தோல்நோய் வல்லுநரான இராபர்ட் காக்ரேன் அழைப்பின்படி திருமணிக்குச் சென்றார். அங்கு மடங்கிப்போன விரல்களையுடைய நோயாளி ஒருவரைத் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கேட்டார். பிடி மிக வலிதாக இருந்தது, பிராண்டுக்கு நொந்தது. பிடித்தவரோ தாம் பிறரை நோகச் செய்வதை அறிந்திலர். செயலிழந்தது எனக் கருதப்பட்ட கையில் முன்கைத் தசைகள் கெடாதிருக்கின்றன என்பதை அப்பிடி உணர்த்திற்று. நல்ல தசைநாண்களை இடம் மாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறை அதனின்று வளர்ந்தது.

ஆனால் நிமிர்த்திய விரல்கள் மீண்டும் புண்பட்டன. தொழுநோய் தசையை அழுகச் செய்கிறது என்பதே அன்றைய பொதுக் கருத்து. வேலூரில் பிராண்டும் உடனிருந்தோரும் ஒவ்வொரு புண்ணின் காரணத்தையும் பொறுமையுடன் தேடினர். கொதிக்கும் கலம், கரடான மண்வெட்டிக் காம்பு, இறுகிய பூட்டில் வலிந்து திருகிய சாவி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இரவில் விரல்நுனி குறைவதன் காரணம் மட்டும் நெடுநாள் விளங்கவில்லை. எலிகள் கடித்தன, உறங்குவார் உணரவில்லை. அதற்குக் கண்ட மருந்து பூனை வளர்த்தல்! இங்ஙனம் ஊறு அறியாமையே ஊறு செய்தது என்பது தெளிவாயிற்று.

இதன்பின் தோன்றிய கருவிகள் எளியவை. காம்புகள் பிடிக்கு இசையத் திருத்தப்பட்டன. பாதத்தில் அழுத்தம் பரவும்படி மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. எவ்விடம் மிகுதியாக அழுந்துகிறது என்பதைக் காண, அழுத்தத்தால் உடையும் நுண்சாயக் குமிழ்களைக் கொண்ட காலுறைகள் பின்னர் வந்தன; நடந்தபின் கறைபட்ட இடமே ஆபத்தான இடம். காலால் அறிய இயலாததைக் கண்ணால் அறியச் செய்தது இக்கருவி. மேலும் பிராண்ட் தம் உள்ளங்கையால் நோயாளிகளின் பாதங்களைத் தடவி, வெப்பம் மிக்க இடத்தைக் கண்டு, புண் வெளிப்படுமுன்னரே காக்கப் பழகினார். ஒருவர் இழந்த ஊற்றுணர்வை மற்றொருவர் கை ஏற்றுக்கொண்டது எனலாம்.

1966-இல் அவர் அமெரிக்க நாட்டு லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு வளமும் பொறியியலாளர் துணையும் கிடைத்தன. உணர்விழந்த கைக்குச் செயற்கை வலியை அமைக்க முயன்றார். அழுத்தத்தை அளக்கும் சிறு உணர்கருவிகள் பதித்த கையுறை ஒன்று உருவாயிற்று. அளவு மீறினால் காதில் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைக் கேட்டனர், வேலையை நிறுத்தவில்லை. விளக்கொளியால் எச்சரித்தும் பயனில்லை. முடிவில் மின்னதிர்ச்சி தரும் ஏற்பாடு செய்தனர். அதிர்ச்சி நொந்தது உண்மை. ஆயினும் ஆணியை இறுக்க வேண்டியபோது மின்விசையை நிறுத்திவிட்டு, வேலையை முடித்தபின் மீண்டும் இயக்கினர். உணர்கருவிகளும் விரைவில் தேய்ந்தன, விலையும் மிகுதி. சில ஆண்டுகளில் முயற்சி கைவிடப்பட்டது.

இத்தோல்வியை வலி பற்றி பிலிப் யான்சியுடன் சேர்ந்து 1993-இல் வெளியிட்ட நூலில் பிராண்ட் மறையாது எழுதினார். நிறுத்தும் உரிமை வலிப்பவன் கையில் இருக்குமாயின் வலி தன் பணியைச் செய்யாது என்பது அவர் கண்ட காரணம். செய்தி நரம்பில் ஓடுவது ஒன்று. அதற்குக் கட்டுப்படுதல் மற்றொன்று. முன்னதை எந்திரம் தரும். பின்னதைத் தர அந்நாளில் இயலவில்லை. இந்நாளில் இயன்றதாகவும் யாம் கருதவில்லை.

இப்பொழுது தண்டலத்துக்கு மீள்வோம். இச்சாலையின் ஆலைகளிற் செய்யப்படும் கைப்பேசியின் கண்ணாடி, விரல் அணுகும்போது தன் மின்தேக்க அளவு மாறுவதால் அவ்விரலை அறிகிறது. அழுத்தம் வேண்டியதில்லை. பழைய கைப்பேசியில் பொத்தான் விரலை எதிர்த்துத் தள்ளிற்று, இக்கண்ணாடி தள்ளுவதில்லை. அக்குறையை நீக்கவே சிறு அதிர்வி ஒன்றை உள்ளே வைத்தனர். பிடிக்காதவர் அதனை நிறுத்திவிடலாம். கண்ணாடி விரலை அறிகிறது, விரல் கண்ணாடியிடமிருந்து அறிவது சிறிதே. உணர்விழந்த விரலையும் அது ஏற்கும் என்பது நன்மையே. அவ்விரல் கொதிகலத்தைத் தொடும்போது அது யாதும் செய்யாது.

தொழுநோய் இந்தியாவில் பொதுநலச் சிக்கலாக 2005-இன் இறுதியில் ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. ஆயினும் நோய் நீங்கியும் உணர்வு மீளாத கைகள் உள. நீரிழிவால் உணர்விழந்த கால்களோ மிகப் பல. கார்விலில் தொழுநோயாளிக்குக் கண்ட செருப்பு முறைகளே நீரிழிவாளர்க்கும் பயன்பட்டன.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வகைக் கருவிகளைத் தொடுவுணர் கருவி என இப்போது வழங்குவர். ஊறறி கருவி என வழங்குதல் நன்று. ஊற்று என்னும் நீர்ச்சொல்லோடு மயங்கும் எனச் சிலர் தடை கூறலாம். இடம் நோக்கிப் பொருள் கொள்வார்க்கு அம்மயக்கம் எழாது.