லார்கின் அரங்கில் ஓர் இரவு

வரலாறு என்பது நூலக அலமாரிகளில் மட்டும் உறங்கிக் கிடப்பதன்று. சில வேளைகளில் அது நம் ஊர்த் திடலுக்கே வந்து நின்று நம்மை வினவும். அத்தகைய இரவொன்றை ஜொகூர் பாரு கண்டது. 1997ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் லார்கின் விளையாட்டரங்கில் ஜப்பானும் ஈரானும் மோதிய காற்பந்தாட்டத்தையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன். அன்று நான் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இளம் ஆசிரியன்.

1998ஆம் ஆண்டு பிரான்சில் நடைபெறவிருந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு ஆசியாவிலிருந்து செல்லும் குழுவைத் தெரிவு செய்யும் ஆட்டம் அது. இரு பிரிவுகளில் இரண்டாம் இடம் பெற்ற நாடுகள் பொதுவானதோர் ஊரில் மோதின. வென்றவர் நேரே பிரான்சு செல்வர். தோற்றவர் ஆஸ்திரேலியாவுடன் மீண்டும் போராட வேண்டும். ஜப்பான் அதுவரை உலகக் கிண்ணத்தில் ஒருமுறையேனும் ஆடியதில்லை. 1993ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் தோஹா நகரில், ஆட்டம் முடியும் தறுவாயில் ஈராக் அடித்த கோல் அவர்தம் கனவைக் கலைத்திருந்தது. நான்காண்டுத் தாகத்தோடு ஆயிரமாயிரம் இரசிகர்கள் கடல் கடந்து வந்தனர். அவருள் பலர் சிங்கப்பூரில் இறங்கி, ஜொகூர் பாலத்தைக் கடந்து நம் நகருக்குள் நுழைந்தனர்.

அந்தப் பாலந்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், பிரிட்டிஷ் படைகள் அதன் வழியே சிங்கப்பூருக்குப் பின்வாங்கி, அதன் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தன. ஜொகூர் பாரு ஜப்பானியர் வசமாயிற்று. தளபதி யமாஷிதா புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் நின்று தென்கரையை நோக்கினார். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று வடக்கேயிருந்து துப்பாக்கியோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தெற்கேயிருந்து பறையும் கொடியுமாக வந்தனர்.

இடைப்பட்ட துயரத்தை நாம் மறத்தலாகாது. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் மரண இரயில்பாதைக்குத் தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். பசியும் காலராவும் மலேரியாவும் அவர்களைக் கொள்ளை கொண்டன. என் தாத்தாவும் அவ்வாறு சென்றவர், திரும்பி வரவில்லை. அப்போது என் தந்தையார் கைக்குழந்தை. பெரியப்பாவுக்குப் பத்து வயது.

நண்பரொருவர் தந்த இரு நுழைவுச்சீட்டுகளோடு அந்தப் பெரியப்பாவையே அழைத்துச் சென்றேன். காற்பந்தின்மீது அவருக்குத் தீராத காதல். "தம்பி, நான் ஈரான் பக்கந்தான்" என்று வாயிலிலேயே அறிவித்துவிட்டார்.

அரங்கினுள் எங்கு நோக்கினும் நீலம். இருபதாயிரம் பேருக்குமேல் திரண்டிருந்த கூட்டத்தில் நம்மவர் சிலரே. ஆட்டத்திற்குமுன் ஜப்பானின் நாட்டுப்பண் 'கிமிகாயோ' ஒலித்தது. தற்செயலாகப் பெரியப்பாவை நோக்கினேன். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன! போர்க்காலத்தில் தோட்டத்துப் பள்ளியில் நாள்தோறும் தோக்கியோ இருக்கும் திசை நோக்கி வணங்கி அவர் பாட வேண்டியிருந்த பாட்டு அது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு சொல்கூட அவருக்குப் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்; ஒன்றும் பேசவில்லை.

ஆட்டம் தொடங்கியது. 39ஆம் நிமிடத்தில் நகாதா அளித்த பந்தை நகயாமா வலைக்குள் செலுத்தினார். இடைவேளை முடிந்த உடனே அசீசி சமன் செய்தார். 59ஆம் நிமிடத்தில் அலி டாயி தலையால் முட்டி ஈரானை முன்னிலைக்குக் கொணர்ந்தார். பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். அப்போது பயிற்றுநர் ஒகாடா துணிந்து ஒரு செயல் செய்தார். புகழ்பெற்ற மியுராவையும் கோலடித்த நகயாமாவையும் ஒருசேர வெளியேற்றி, ஜோ, லோப்பெஸ் இருவரையும் இறக்கினார். 76ஆம் நிமிடத்தில் அந்த ஜோவே தலையால் முட்டிச் சமன் செய்தார்.

பின் கூடுதல் நேரம். முதல் கோல் அடித்தவர் வென்றார் என்னும் 'தங்கக் கோல்' விதி அந்நாளில் நடைமுறையில் இருந்தது. புதிதாக இறங்கிய ஒகானோ நல்வாய்ப்புகளைத் தவறவிட, நீலக் கூட்டம் தலையில் கைவைத்தது. 118ஆம் நிமிடம்! நகாதா தொலைவிலிருந்து உதைத்தார். கோல்காவலர் அபெட்சாடே தடுத்தார். தெறித்து வந்த பந்தைச் சறுக்கியபடி வந்த ஒகானோ வலைக்குள் தள்ளினார். மூன்றுக்கு இரண்டு. ஆட்டம் முடிந்தது.

எங்களருகே அமர்ந்திருந்த ஜப்பானிய இளைஞன் ஒருவன் தேம்பியழுதபடி பெரியப்பாவைக் கட்டிக்கொண்டான். அவர் ஒரு கணம் மரம்போல் நின்றார். பிறகு அவர் கை மெல்ல உயர்ந்து அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தது.

பேருந்து நிலையம் நோக்கி நடக்கையில் அவரே பேசினார்: "அந்தப் பையன் என்ன செய்வான் தம்பி? அவன் பிறந்ததே நேத்து. ஆனா எங்கப்பாவை நான் மறக்கல. நீயும் மறந்துடாதே."

தோல்வியுற்ற ஈரானும் பின்னர் ஆஸ்திரேலியாவைக் கடந்து பிரான்சு சென்றது. அன்று தொடங்கி எந்த உலகக் கிண்ணத்தையும் ஜப்பான் தவறவிட்டதில்லை. தோஹாவைத் துயரத்தின் பெயராக நினைவுகூரும் அந்நாட்டவர், 'ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி' என்று அவ்விரவைப் போற்றுகின்றனர். நம் ஊரின் பெயர் அவர்தம் நாவில் இனிக்கின்றது. நம் முதியோர் நாவிலோ 'ஜப்பான்காரன் காலம்' என்னும் சொல் இன்றும் கசக்கின்றது. இரண்டும் உண்மையே.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஆண்டுகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறையை அறிந்தேன். 1942ஐயும் 1997ஐயும் ஒரே மனிதர் ஒரே நெஞ்சில் எவ்வாறு சுமக்கிறார் என்பதைப் பெரியப்பாவே கற்பித்தார். மாணவர்க்குச் சயாம் பாதையைச் சொல்லும்போதெல்லாம் லார்கின் அரங்கையும் சேர்த்தே சொல்கின்றேன். பகையை வளர்ப்பதற்காக நாம் வரலாறு கற்பிக்கவில்லை. பகை தணிந்ததென்று இழந்தோரை மறப்பதற்காகவும் கற்பிக்கவில்லை. தட்டிக் கொடுத்த அந்தக் கையும், மறவாத அந்த நெஞ்சும் ஒருவருடையனவே என்பதை நம் பிள்ளைகள் உணர்ந்தால் அதுவே போதும்.