பலத்த காயத்துக்குப் பின் வாழ்க்கைத்தர அளவீடு

விபத்தில் பலத்த காயமடைந்து பிழைத்தவர் அதன்பின் எப்படி வாழ்கிறார் என்பதை அவரிடமே கேட்டு மதிப்பெண்ணாகப் பதியும் முறை. காயத்தின் கடுமைக்கு 1974 முதலும், மூளைக்காயத்தின் விளைவுக்கு 1975 முதலும் அளவுகோல்கள் உண்டு. அவை மருத்துவர் பார்த்துச் சொல்பவை. இங்கே சொல்பவர் காயம்பட்டவர்.

பரவலான வினாத்தாள்கள் மூன்று. எஸ்.எஃப்-36 இல் 36 கேள்விகள். ஈ.க்யூ-5டி நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை ஆகிய ஐந்தைப் பற்றிக் கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்க வினாத்தாளில் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இதன் மூலமான நீண்ட வினாத்தாளை உருவாக்கிய 15 மையங்களில் சென்னையும் ஒன்று என்பதால் நம் ஊருக்கு இதுவே அதிகம் பொருந்துகிறது.

எந்தத் தாளை எடுப்பது என்பது சின்ன விஷயமல்ல. திருச்செந்தூரை அடுத்த குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரம் பனையும் கருப்பட்டியும் சார்ந்தது. பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தால் பனையேறியின் இரு கால்களும் செயலிழக்கலாம். அவரிடம் எஸ்.எஃப்-36, மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்கும். அவர் வீட்டில் மாடியே இருக்காது. போனது மரமேறும் தொழில். உலக சுகாதார நிறுவனத்தின் தாளோ தேவைக்குப் பணம், வீடு, போக்குவரத்து, ஓய்வு நேரம் என்று சுற்றுப்புறத்துக்கு மட்டும் எட்டுக் கேள்விகளை ஒதுக்குகிறது. அந்த வட்டாரத்தின் தேரி எனும் செம்மணல் மேட்டில் சக்கர நாற்காலி உருளாது. அந்தக் குறை இங்கேதான் பதிவாகும், எக்ஸ்ரேயில் தெரியாது. ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்பவர், குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு முன்பு வேஷம் கட்டியவரா, இப்போது போய்வர முடிகிறதா என்றும் விசாரித்தால் பதில் உயிருள்ளதாக இருக்கும். இதே தாளிலுள்ள தாம்பத்தியம் பற்றிய கேள்வியைப் பக்கத்தில் உறவினர் நிற்கும்போது கேட்பதில் பயனில்லை.

மதிப்பெண்ணை வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உடல் மாறாமலே காலப்போக்கில் எண் உயரலாம்; மனிதர் தம் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்கிறார். கடுமையான ஊனமுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்க்கை நன்றாக இருப்பதாகவே சொன்னதை 1999 இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் ஆய்வு காட்டியது. இதைத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது என்று தள்ளுவது பார்ப்பவரின் குறை. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975 இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். சங்கம் 1981 இல் பிறந்தது. 2020 இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. காயத்தின் கடுமையை மட்டும் வைத்து அவர் வாழ்க்கையை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது.

ஆகவே ஒருமுறை அளப்பது போதாது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் கிடைக்கும் எண், பெரும்பாலும் பிழைத்த நிம்மதியையோ அதிர்ச்சியையோ காட்டுவது. சில மாதங்களிலும் ஓராண்டிலும் திரும்பக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. ஓராண்டு கழித்து அவர் வீட்டுக்கே போய் உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகளைக் கேட்பதையும் அதனோடு சேர்க்கலாம், செலவு அதிகமில்லை.