காரணம் எழுதாத மருத்துவ வாரியம்: படைவீரர் ஊன ஓய்வூதிய மேல்முறையீடுகள்

புனேயில் 1944 முதல் இயங்கும் செயற்கை அவயவ மையத்துக்கு வரும் வீரரிடம் ஊனத்துக்குச் சாட்சி கேட்பார் இல்லை. வழக்கு மூளுவது வலிப்பு, ரத்தக்கொதிப்பு, நீரிழிவு, மனநோய் போன்று கண்ணுக்குப் படாதவற்றில்தான். 'பணியால் வந்ததுமன்று, பணியால் முற்றியதுமன்று' என்று மருத்துவ வாரியம் ஒரு வரி எழுதிவிட்டால் ஊன ஓய்வூதியம் கிடைக்காது. அடுத்தடுத்த மேல்முறையீடுகள் எல்லாம் அந்த வரியோடு நடக்கும் மல்லுக்கட்டே. ஆகவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் வாரியம், தீர்ப்பாயம் அன்று.

ஊன ஓய்வூதியத் தகுதி பற்றிய 1982-ஆம் ஆண்டு விதிகள் வீரர் பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டவை. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டியிருந்தது. நிரூபிக்கும் சுமை அவருடையதாக இருக்கவில்லை. ஐயத்தின் பயனும் அவருக்கே இருந்தது. சேர்க்கைப் பரிசோதனையில் எல்லா நோயும் தெரியாது என்ற அரசின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கும் அந்த விதியிலேயே இடம் இருந்தது: அப்படிக் கருதும் மருத்துவர் காரணத்தைக் குறிப்பிட வேண்டும் என்றது அது. வாரியங்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

தரம்வீர் சிங் வழக்கைப் பாருங்கள். 1985-இல் சேர்ந்த சிப்பாய், வலிப்பு நோயால் 20 சதவீத ஊனம் என்று 1994-இல் வெளியேற்றப்பட்டார். ஓய்வூதியத் தகுதிக்கு வேண்டிய குறைந்த அளவும் அதே 20 சதவீதம்தான். உடற்கூற்றிலேயே உள்ள கோளாறு என்றது வாரியம். ஏன் என்று சொல்லவில்லை. சேர்க்கை ஆவணத்திலோ நோய்க்குறிப்பு எதுவும் இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது பத்தொன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கோடு சேர்ந்த அரசின் மேல்முறையீடுகளும் இதே அடிப்படையில் தள்ளுபடியாயின.

இத்தனைக்குப் பிறகும் வழி சுருங்கவில்லை. முதல் மேல்முறையீட்டுக் குழு, இரண்டாம் குழு, அப்புறம்தான் 2007 சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். புனேக்காரர் மும்பை அமர்வுக்குப் போக வேண்டும். தீர்ப்பாயத்துக்கு மேல் உயர் நீதிமன்றம் செல்லலாமா என்பதிலேயே குழப்பம் இருந்தது. 2015-இல் அடைத்த கதவை உச்ச நீதிமன்றமே 2023-இல் திறந்துவிட்டது. அது அரசுக்கும் திறந்த கதவு என்பதையும் சொல்ல வேண்டும்.

விதிகள் 2008-லும் 2023-லும் மாற்றி எழுதப்பட்டன. சொல் மாறினாலும், உடலைப் பார்த்தவர் வாரிய மருத்துவர் ஒருவரே என்பது மாறவில்லை. அவர் விட்ட காரணத்தைப் பின்னால் வரும் குழு கோப்பை வைத்து ஊகிக்கலாம், கண்டறிய முடியாது. எனவே காரணம் இல்லாத வாரிய அறிக்கையைக் குழுவுக்கே அனுப்பாமல் திருப்பிவிட வேண்டும். படை மருத்துவர்கள் பயிலும் கல்லூரி 1948 முதல் புனேயில்தான் இருக்கிறது. இந்தப் பழக்கத்தை அங்கேயே ஊட்டலாம்.

தாமதத்தின் விலை வீரர் தலையில்தான் விழுகிறது. 2008-இல் தர்செம் சிங் வழக்கில் வகுத்த நெறிப்படி, பிந்தி வழக்குத் தொடுத்தவர் வென்றாலும் நிலுவை வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே.